செல்வராணி ரீச்சரும் என் இல்லாத விரலும்

சனிக்கிழமை காலை விசுவமடுச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அதிபரின் அழைப்பு வந்தது. விடுமுறை நாளில் அதிபர் அழைத்தால் அது மேலதிக வகுப்பு எடுக்கச் சொல்லத்தான் இருக்கும் என்று எடுக்காமல் விட்டேன். மறுபடியும் அடித்தார். "சேர், செல்வராணி ரீச்சர் மோசம் போயிட்டா. விடிய நெஞ்சு நோகுதெண்டு சொன்னவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிஞ்சுது" என்றார். மீன்காரர் மீனைத் தராசில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். அவருடைய மகளும் ரீச்சரிடம் படித்தவள். விசயத்தைச் சொன்னேன். அவர் மீனைத் திரும்ப ஐஸ் பெட்டிக்குள் போட்டார். "நில்லுங்கோ சேர், நானும் வாறன்" என்று கடையைச் சாத்திவிட்டு என்னோடு புறப்பட்டார்.

ரீச்சரின் ஊரான தண்ணீரூற்றில் செத்தவீடு. ரீச்சரிடம் உயர்தர உயிரியல் படித்து வைத்தியர்களாகவும் தாதிகளாகவும் போனவர்கள் வந்திருந்தார்கள். எதுவும் சித்தியடையாமல் நெல் விதைக்கிறவர்கள் அவர்களைவிடக் கூடுதலாக வந்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து மறுக்க வேண்டும் போலிருந்தது. ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் மேசையில் இவ்வளவு காலம் இருந்தவன் நான். செல்வராணி ரீச்சரிடம் பலதும் இருந்தது. பொறுமை மட்டும் மருந்துக்கும் இருக்கவில்லை. அவரை நன்றாக அறிந்தவர்கள் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். எழுதுவதும் அதற்காகத்தான்.

ரீச்சரின் பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ரீச்சர் பிறந்தது இங்கேதான். எங்களைப் போலவே "ஓம்" என்பார், "வாங்கோ" என்பார். கோபம் வந்தால் மட்டும் தாயின் பேச்சு வாயில் ஏறிவிடும். "என்னாங்க சேர் இது, ஒங்களுக்கு வெளங்குதா வெளங்கலையா?" என்று அவர் தொடங்கினால் ஆசிரியர் அறையில் மற்றவர்கள் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். நான் போக முடியாது. கோபம் பெரும்பாலும் என் மேல்தான்.

எங்கள் பெரிய சண்டை ஒரு வயரில் தொடங்கியது. நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். மின்னோட்டப் பாடம் நடத்தும்போது, உடம்பிலுள்ள நரம்பும் ஒரு வயர்தான், மூளை ஒரு பற்றறி என்று பிள்ளைகளிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அடுத்த பாடவேளையில் அதே பிள்ளைகள் அதை ரீச்சரிடம் ஒப்பித்திருக்கிறார்கள். இடைவேளைக்கு மணியடித்ததும் வெண்கட்டித் தூள் படிந்த கையோடு நேரே என் மேசைக்கு வந்தார்.

"என்னாங்க சேர், ஒங்க வயர ஒங்க பாடத்துக்குள்ளயே வச்சிக்குங்க. வயருல மின்சாரம் நெடுக ஓடுது. நரம்புல அது குறுக்கால பாயுது."

"குறுக்காலை பாய்ஞ்சால் எப்பிடி ரீச்சர் காலிலை இருந்து தலைக்குப் போறது?"

"அதைத்தான் படிக்கோணும்" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். நரம்புக்கலத்தைச் சுற்றி மிக மெல்லிய ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. உள்ளேயும் உப்புத்தண்ணீர், வெளியேயும் உப்புத்தண்ணீர். வெளியே சோடியம் கூடுதல். உள்ளே பொற்றாசியம் கூடுதல். அந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை. சவ்விலே பதிந்திருக்கும் சின்னஞ்சிறு பம்புகள் நாங்கள் தின்னும் சோற்றின் சக்தியில் இரவு பகலாகச் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே இழுக்கின்றன. சவ்விலே, வேலிக் கதவு போலத் திறந்து மூடும் படலைகளும் உண்டு. ஓய்வாக இருக்கும்போது பொற்றாசியத்தின் படலைகள் சில திறந்தே கிடக்கும். அதனால் பொற்றாசியம் கொஞ்சம் வெளியே கசிந்து, கலத்தின் உட்பக்கம் எதிர் மின்னேற்றத்தோடு இருக்கும். எழுபது மில்லிவோல்ட் அளவு. "சும்மா இருக்கிறது எண்டு நாங்கள் நினைக்கிற நரம்பு சும்மா இல்லை சேர். கூவுறதுக்கு மூச்சை இழுத்து வச்சுக்கொண்டு நிக்குது" என்றார்.

எழுபது மில்லிவோல்ட்டா என்று நான் சிரித்தேன். ஒரு சின்ன ரோர்ச் பற்றறியில்கூட அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கிறது. ரீச்சர் சவ்வின் தடிப்பை ஒரு கடதாசியில் எழுதி என் பக்கம் தள்ளிவிட்டு, "பிரிச்சுப் பாருங்கோ, உங்கடை பாடம்தானே" என்றார். பிரித்தேன். ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட் என்று வந்தது. பிழை விட்டுவிட்டேன் என்று திரும்பவும் செய்து பார்த்தேன். அதேதான். சவ்வு அவ்வளவு மெல்லியது. அதனால் அந்தச் சின்ன அழுத்தம் அவ்வளவு பெரிய மின்புலமாகிறது. வெட்ட வெளியில் அப்படி ஒரு புலம் இருந்தால் மின்னல் வெட்டும். அன்று மத்தியானம் முழுக்க என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் அதைக் கண்டும் காணாதவர் போல விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் அவரும் ஒரு முறை வடிவாகச் சறுக்கினார். அதை அவரே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார் என்பதால் நானும் எழுதலாம். நரம்புச் செய்தி எப்படிப் போகிறது என்று வகுப்பில் கேட்டபோது, வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி என்று ஓர் உதாரணம் சொல்லிவிட்டார். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தவணைப் பரீட்சையில் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: "மூளையிலிருந்து திறந்துவிடப்படும் சோடியம் மேற்காணிகளுக்கு முதலில் கிடைக்கும். பாதம் கடைசிக் காணி என்பதால் அதற்குக் குறைவாகவே வந்து சேரும். தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் கால் விறைப்பது இதனாலாகும்."

ரீச்சர் இதை ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினார். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு அவர் முகம் மாறிவிட்டது. "இது பெடியன்ரை பிழை இல்லை சேர். அவன் நான் சொன்னதைத்தான் ஒழுங்கா யோசிச்சு எழுதியிருக்கிறான். பிழை என்ரை உதாரணத்திலை" என்றார். சோடியம் மூளையிலிருந்து காலுக்குப் பயணம் போவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த இடத்துச் சோடியம்தான் படலை திறந்ததும் உள்ளே பாய்கிறது. இதைக் காட்ட வேறு உதாரணம் தேடிக்கொண்டே சில நாள் சிடுசிடுத்துத் திரிந்தார்.

உதாரணம் குரங்கிலிருந்து கிடைத்தது. ரீச்சர் வீட்டுக்குப் பின்னால் கச்சான் கடலை போட்டிருந்தார். கச்சான் முற்றும் காலத்தில் குரங்குகள் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கும். தோட்டத்துக்குத் தோட்டம் காவல் கொட்டில் போட்டு ஆட்கள் பகலெல்லாம் இருப்பார்கள். முதல் கொட்டிலில் இருப்பவர் குரங்கைக் கண்டு கூவுவார். அடுத்த கொட்டில்காரர் அதைக் கேட்டதும் தன் பங்குக்குக் கூவுவார். அதைக் கேட்டு அதற்கு அடுத்தவர். ஒருவரும் இடத்தை விட்டு அசைவதில்லை. கூவல் மட்டும் ஊர் முடியும்வரை போய்ச் சேரும். கடைசிக் கொட்டிலிலும் அது புதுக் குரலாக, முழுச் சத்தத்தோடுதான் கேட்கும். திங்கட்கிழமை காலை ரீச்சர் பாடசாலைக்கு வந்த வேகத்தைப் பார்த்து, வீட்டில் ஏதோ நல்ல காரியம் முற்றாகிவிட்டது என்று நினைத்தேன்.

அன்றே வகுப்பை மைதானத்துக்குக் கொண்டுபோய் வேலி ஓரமாக வரிசையில் நிறுத்தினார். பக்கத்துப் பிள்ளை கூவினால் நீயும் கூவ வேண்டும். கூவி முடித்தால் மூச்சு எடுக்கும்வரை திரும்பக் கூவக் கூடாது. அதனால்தான் கூவல் வந்த வழியே திரும்பாமல் முன்னுக்கே போகும் என்றார். ஒருத்தி வெட்கத்தில் மெல்லமாகக் கூவினாள். "அரைக் கூவல் எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை! கூவினா முழுசாக் கூவு, இல்லாட்டிச் சும்மா நில். நரம்பும் அப்பிடித்தான்." அப்படியானால் பெரிய வலிக்கும் சின்ன வலிக்கும் என்ன வித்தியாசம் என்று நான் யன்னலுக்குள்ளால் கேட்டேன். "குரங்கு கூடுதலா வந்தா அடிக்கடி கூவுறது!" என்று அங்கிருந்தே பதில் வந்தது. பிறகு இடையிடையே பிள்ளைகளை விலக்கி, தூரத் தூர நிற்கவைத்துக் கூவச் சொன்னார். கூவல் இடைவெளிகளைத் தாண்டித் தாண்டி முன்னையதைவிட விரைவாகப் பாடசாலைப் படலையடிக்குப் போய்ச் சேர்ந்தது. மயலின் என்ற கொழுப்புக் கவசம் போர்த்திய நரம்பில் செய்தி அப்படித்தான் பாய்கிறதாம். சத்தம் கேட்டு அதிபர் ஓடிவந்து, "என்ன ரீச்சர், யானை வந்திட்டுதோ?" என்றார். "இல்லை சேர், சோடியம் வந்திட்டுது" என்றார் ரீச்சர்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது போன விதத்தை இங்கே எழுதப்போவதில்லை. வன்னியில் அந்தக் கதையை ஒருவரிடம் ஒருவர் கேட்பதில்லை. செயற்கைக் கால் போட்டு, சப்பாத்து அணிந்து, சைக்கிளும் ஓடுகிறேன். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. இல்லாத அந்தப் பாதத்தில் சின்ன விரலுக்குப் பக்கத்து விரல் நொந்தது. சில நாள் அரித்துக் கடிக்கும். சில நாள் யாரோ குறட்டால் பிடித்துத் திருகுவது போலிருக்கும். அறுந்த வயருக்கு அப்பால் மின்குமிழ் எரிகிறது என்று ஒரு பௌதிகவியல் ஆசிரியன் எந்த வாயால் சொல்வது? எனக்கு விசர் பிடிக்கத் தொடங்குகிறது என்றே நினைத்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் ஏதாவது வெளிப்பட்டுவிடும் முன் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற யோசனை முற்றிக்கொண்டு வந்தது. மனைவி சுகந்திக்குக்கூடச் சொல்லவில்லை.

மைதானத்தில் கூவிய அதே கிழமை, ஆசிரியர் அறையில் நானும் ரீச்சரும் மட்டும் இருந்தோம். கடி தாங்க முடியவில்லை. என்னை அறியாமல் குனிந்து சப்பாத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன். வலது சப்பாத்தை. நிமிர்ந்தபோது ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பகிடி சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் விடை கேட்கும் குரலில், "எந்த விரல் சேர்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் அழுதுவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இல்லை. வளர்ந்த மனிதன், மீசை நரைத்தவன், மேசையில் தலையை வைத்து அழுதேன். ரீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது அவருக்கு வரவும் வராது. நான் ஓய்ந்து, எந்த விரல் என்று சொன்ன பிறகு பாடம் நடத்தினார்.

"நரம்பை அறுத்தா வயர் மாதிரிப் பேசாமல் கிடக்காது சேர். அறுந்த நுனி வளரப் பாக்கும். போக வழியில்லாமல் சுருண்டு முடிச்சுப் போடும். அந்த முடிச்சிலை சோடியத்தின்ரை படலையள் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திடும். பிறகு தட்டாமலே திறக்கும். குரங்கே வரேல்லை, ஆனால் கொட்டில்காரன் கூவுறான். அடுத்தவனுக்கு அது தெரியுமே? அவனும் கூவுறான். கூவல் தலைக்குப் போகுது. மூளை குரங்கைக் காணுறேல்லை சேர். எந்த வரிசையிலை கூவல் வந்தது எண்டது மட்டும்தான் அதுக்குத் தெரியும். உங்கடை அந்த வரிசைக்கு மூளை வச்ச பேர் நாலாம் விரல்."

"அப்ப எனக்கு விசர் இல்லையோ?"

"விசர் இருக்கு. அது வயரைப் பற்றிக் கதைக்கேக்கை மட்டும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "மூளைக்குள்ளையும் ஏதோ மாற்றம் நடக்குது எண்டு சொல்லுகினம். அது எனக்கு வடிவாத் தெரியாது. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லத்தானே சேர் எனக்குச் சம்பளம் தாறாங்கள்" என்றார்.

இரகசியம் காப்பது அவருக்குக் கை வராத கலை. அடுத்த நாள் பின்னேரமே எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து, என்னைத் தாண்டி நேரே குசினிக்குள் போனார். நான் விறாந்தையில் நின்று கேட்டேன்; உள்ளே போகத் துணிவில்லை. ரீச்சர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு சுகந்தியின் குரல்:

"ரீச்சர், அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடப்பார். என்னெண்டு கேட்டா ஒண்டுமில்லை எண்டுவார். என்னோடை வாழப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். வற்றாப்பளை அம்மனிட்டை நேர்த்தியும் வச்சிட்டன்."

"நேர்த்தியைச் செய்யுங்கோ, அது வேறை. இப்ப அவர் நோகுது எண்டு சொன்னா நம்புங்கோ. கால்தான் இல்லை, நோவிலை பொய்யில்லை."

அன்றிரவு சுகந்தி என்னோடு கோபமாக இருந்தாள். இவ்வளவு காலம் சொல்லாததற்கான கோபம். அவ்வளவு நல்ல கோபத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

ரீச்சர் விடவில்லை. அடுத்த கிழமை என்னையும் சுகந்தியையும் ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த இளம் வைத்தியர் எல்லாம் கேட்டு, இது பலருக்கும் உள்ளதுதான் என்று சொல்லி ஒரு குளிசை எழுதித் தந்தார். இது என்ன செய்யும் என்று ரீச்சர் கேட்டார். சோடியப் படலைகள் சும்மா சும்மா திறப்பதைக் குறைக்கும் என்று வைத்தியர் சொன்னதும், பரீட்சையில் தன் பிள்ளை முதலாவதாக வந்தது போல என்னைத் திரும்பிப் பார்த்தார். நோவு முழுதாகப் போகவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் குறடு பிடித்தவன் இப்போது எப்போதாவதுதான் வருகிறான். வேலையை விடும் யோசனை போயே போய்விட்டது. நரம்பைப் பற்றிச் சண்டை பிடிப்பதை மட்டும் நாங்கள் விடவில்லை.

ரீச்சரின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். ரீச்சரின் இடத்துக்கு ஆள் வரும்வரை அவர் பாதியில் விட்ட நரம்புப் பாடத்தை முடித்துத் தர முடியுமா என்றார். எனக்கு உயிரியல் தெரியாது என்றேன். "அவ உங்களோடைதானே சேர் இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சவ" என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகளின் கண்கள் சிவந்திருந்தன. உப்புத்தண்ணீரில் தொடங்கினேன். பம்பு, படலை, எழுபது மில்லிவோல்ட் என்று எல்லாம் ஓரளவு ஒப்பேறியது. நரம்பு அறுந்தால் என்ன நடக்கும் என்ற இடத்துக்கு வந்தேன். அது பாடத்திட்டத்தில் இல்லை; விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கதிரையில் இருந்து, காற்சட்டையைச் சுருட்டி, காலைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். சுகந்தியைத் தவிர யாருக்கும் முன்னால் அதுவரை செய்யாத காரியம். "இந்தப் பாதத்திலை ஒரு விரல் எனக்கு இப்பவும் நோகுது. ஏனெண்டு சொல்லுறன், எழுதுங்கோ" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதினார்கள்.

மணியடித்த பிறகு தர்சினி என்ற பிள்ளை மட்டும் போகாமல் நின்றாள். "சேர், அப்பாவுக்கு ஒரு கை இல்லை. இல்லாத கையைப் பொத்திப் பிடிக்கிற மாதிரிச் செய்வார். கேட்டா எரிஞ்சு விழுவார். அம்மா பேய்க் குணம் எண்டு நூல் கட்டினவா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

வந்தார். விறாந்தையில் இருந்து மழையைப் பற்றியும், பசளை விலையைப் பற்றியும், யானை வேலி மின்சாரம் இல்லாமல் கிடப்பதைப் பற்றியும் வெகுநேரம் கதைத்தார். கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுகந்தி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. தர்சினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் இருந்திருந்தால் எப்போதோ கேட்டு முடித்திருப்பார். எனக்கு அந்த வாய் இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன்.

"எனக்கு நோகுது அண்ணை. இல்லாத காலிலை. இப்பவும் நோகுது."

செல்வராணி ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். இதை இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்த்து, கூசாமல், சத்தமாகச் சொல்ல முடிகிறது. சவ்வும் சோடியமும் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை அடுத்த ரீச்சர் வந்து என்னைவிட நன்றாகப் படிப்பிப்பார்.

தர்சினியின் அப்பா இருந்த ஒற்றைக் கையால் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெருவிரல், சேர்" என்றார்.